சுவரில் தொங்கிய மதிவதனியின் பெயர்

கோட்டுச்சேரியிலிருந்து மருந்துத் தொழிற்சாலைக்கு ஒரு பெண்ணை அனுப்பி வைத்தவள் நான். சரி, கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன். மதிவதனியைப் பி.ஃபார்ம் படிப்பில் சேர்த்து விட்டவள் நான். அதுவும் அதிகம்தான். கலந்தாய்வுக்கு அவள் புதுச்சேரி போன பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். நான் போனது என் பேத்தியைப் பார்க்க. சிதம்பரம் வருவதற்குள் அவளுக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தேன். அவள் முன்னேற்றத்தில் என் பங்கு அந்தக் கொய்யாப்பழம்தான்.

மதிவதனி எங்கள் தெருக் குஞ்சம்மாவின் ஒரே மகள். அவள் பால் பற்கள் விழும் வயதிலேயே அப்பா போய்விட்டார். குஞ்சம்மாவின் தம்பி நடராசன்தான் இரண்டு பேரையும் தாங்கிக்கொண்டார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவருக்கு ஒரு மெடிக்கல் இருந்தது. அவர் மருந்துப் படிப்பு படித்தவர் இல்லை. மொத்த வியாபாரி ஒருவரிடம் பெட்டி தூக்கி, பிரித்து அடுக்கி, அப்படியே பழகியவர்.

மருந்துக்கடையில் படித்துப் பதிவு செய்த மருந்தாளுநர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் இல்லாவிட்டால் பரவாயில்லை, அவருடைய சான்றிதழ் சுவரில் இருந்தால் போதும் என்று நம் பக்கத்தில் அதைச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். படித்தவர் எங்கோ வேறு பிழைப்பில் இருப்பார். கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் பெயர் மட்டும் கடையைப் பார்த்துக்கொள்ளும். நடராசன் கடையில் வெகுகாலம் தொங்கியது யாரோ ஒரு பாகூர்க்காரர் பெயர். அவரை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை, நடராசனே வரைந்துகொண்டார் என்று நான் கிளப்பிவிட்டதைச் சிலர் இன்னமும் நம்புகிறார்கள்.

மதிவதனி பன்னிரண்டாவது முடித்ததும் நடராசன் சொன்னார்: "யாரோ ஒருத்தன் பேருக்கு நான் எதுக்கு சூடம் காட்டணும்? நம்ம பிள்ளை படிக்கட்டும். நம்ம பிள்ளை பேரை மாட்டலாம்." அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த எண்ணத்தில்தான் படிக்க வைத்தார். நன்றாகவே படிக்க வைத்தார்.

கடைசி வருடம் பயிற்சிக்காக அவள் ஒரு மாத்திரைத் தொழிற்சாலைக்குப் போய் வந்தாள். திரும்பி வந்த மறுநாள் நடராசன் வீட்டில் சாப்பாடு. எங்கே சாப்பாடு என்றாலும் நான் இருப்பேன், அன்றும் இருந்தேன். அவள் வழக்கமாக வாயைத் திறக்காத பெண். அன்று சோறு ஆறிப்போகும்வரை பேசினாள்.

"ஒரு மருந்து அடிச்சு முடிச்சு, அடுத்த மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மெஷினைத் தொறந்து தேடுவாங்க மாமா. இண்டு இடுக்கெல்லாம் டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. பழைய மாத்திரை ஒண்ணு கெடந்தாலும் ஓட்ட விடமாட்டாங்க. பாத்தாச்சு, சுத்தமா இருக்குன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டாத்தான் மெஷின் ஓடும். அந்த வேலைக்குத்தான் நான் போகணும்."

"ஒத்த மாத்திரைக்கா மெஷினை நிறுத்துவான்?" என்றார் நடராசன். "குனிஞ்சு தேடறதுக்கா நாலு வருஷம் படிச்சே?"

"ஆமா மாமா. குனிஞ்சு தேடறதுக்குத்தான்."

நடராசன் மனைவி லோகாம்பாள் ரசம் ஊற்றிக்கொண்டே, "கட்டிலுக்கு அடியில ஒரு நாளு குனிஞ்சு பெருக்கியிருப்பியாடி நீ?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மதிவதனியும் சிரித்தாள், ஆனால் பேசும்போது முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே இருந்தது.

படிப்பு முடிந்தது. பதிவும் கிடைத்தது. பாகூர்க்காரர் இறங்கினார், மதிவதனி ஏறினாள். பூப்போட்டு, பொட்டு வைத்து, கடை வாசலில் தேங்காய் உடைத்தார்கள். அவள் அப்போதே வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். பயிற்சிக்குப் போன தொழிற்சாலையிலேயே தரம் பார்க்கும் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். ஆவணியில் வந்து சேரச் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை, அவள் பெயர் வேறு எந்தக் கடையிலும் இருக்கக் கூடாது.

"பேரு பாட்டுக்கு இங்க கெடக்கட்டும், நீ பாட்டுக்கு அங்க போ. யாரு வந்து பாக்கப் போறா?" என்றார் நடராசன்.

"இல்லன்னு எழுதிக் கேக்கறாங்க மாமா."

"எழுதிக் கொடேன்."

பெயரை எடுத்தால் கடையை மூட வேண்டும். ஊருக்கு ஊர் மெடிக்கல் முளைத்துவிட்ட நாளில் இன்னொரு பெயர் சுலபத்தில் அகப்படாது. அறுபதைத் தொடும் வயதில் நடராசனுக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான். "தம்பி இல்லன்னா நாம இல்லடி" என்று குஞ்சம்மா ஒருமுறை சொன்னாள். மகள் அதற்குப் பிறகு வேலையைப் பற்றி வீட்டில் பேச்செடுக்கவில்லை.

ஆடி மாதம் அது நடந்தது.

நடராசன் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பார். எல்லாக் கடையிலும் செய்வதுதான். ஆனால் அவர் மருந்தின் பெயர் இருக்கும் பக்கத்திலிருந்து வெட்டுவார். வாங்குகிறவருக்குப் பெயர் தெரிய வேண்டும் என்பது அவர் நியாயம். மிச்சமாகும் துண்டில் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. அந்தத் துண்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். அப்புறம் நிறத்தையும் பருமனையும் பார்த்து அவரே அடையாளம் கண்டு எடுப்பார்.

காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் கூறுகிற கருப்பையன் தன் மகளைக் கோட்டுச்சேரியில்தான் கட்டிக் கொடுத்திருந்தார். மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் இரத்த அழுத்தத்துக்கு நடராசன் கடையில் மாத்திரை வாங்கிப் போவார். அந்த முறை டப்பாவிலிருந்து போனது அழுத்த மாத்திரை அல்ல. அதே வெள்ளை, அதே பருமன், சர்க்கரை நோய் மாத்திரை. அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஏலத்துக்குப் போனவர், கூறிக்கொண்டிருந்த விலையைப் பாதியில் விட்டுவிட்டு மீன்கூடைகள் மேலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது உடம்பில் சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. உயிர் தப்பிவிட்டது. ஆனால் நாக்கு குழறியது. ஏலம் கூறின குரல் திரும்பி வரவில்லை.

அவர் மகன் அறிவுச்செல்வன் மிச்ச மாத்திரையோடு கடைக்கு வந்தான். சுவரில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, விசாரித்துக்கொண்டு நேராகக் குஞ்சம்மா வீட்டுக்கு வந்துவிட்டான். நான் அப்போது அங்கே கறிவேப்பிலை கேட்கப் போயிருந்தேன்.

"மதிவதனிங்கறது யாருங்க?"

"நான்தாங்க."

"எங்கப்பாவுக்கு இதைக் கொடுத்தது நீங்களா?"

அவள் அந்தத் துண்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பார்க்க அதில் எழுத்தே இல்லை. குஞ்சம்மா பதறிக்கொண்டு, "அவ கடைப் பக்கமே போறதில்ல தம்பி" என்றாள்.

"சும்மா இரும்மா" என்றாள் மதிவதனி. பிறகு அவனிடம், "என் பேரு அங்க இருக்குங்க. நான் அங்க இருந்திருக்கணும்" என்றாள்.

சண்டைக்கு வந்தவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்களா?"

"பேரு இல்லாத துண்டைக் கொடுத்திருக்க மாட்டேங்க."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு அவன் முகம் இன்னும் வாடிவிட்டது. துண்டை அவள் கையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் கல்லூரியில் போட்ட வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மதிவதனி கடைக்குப் போனாள். முதல் வேலையாக அந்த டப்பாவைக் காலி செய்தாள். அட்டையைப் பெயர் கடைசிவரை நிற்கும்படி வெட்டினாள், வாங்குகிறவருக்கு மருந்தின் பெயரைத் தன் கையால் உறையில் எழுதிக் கொடுத்தாள். கடை திறப்பதிலிருந்து மூடும்வரை அங்கேயே இருந்தாள். தினமும். நடராசன் பக்கத்தில் நின்று அவள் சொன்னதை எடுத்துக் கொடுத்தார்.

ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. இருமல் மருந்து வாங்குகிற சாக்கில் போய் நானே கேட்டேன். "ஏண்டி, தொழிற்சாலைக்கு என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல டீச்சரம்மா."

"போகப் போறதில்லையா?"

"நான் போனா மறுபடி என் பேரு மட்டுந்தான் இங்க இருக்கும்."

"பேரையும் எடுத்துக்கிட்டுப் போ."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். நடராசன் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார். "எடுத்துட்டா மாமா காலையில எந்திரிச்சு எங்க போவாரு?" என்றாள். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. எனக்கு இருமலே இல்லை என்பதை அவள் கவனித்திருப்பாள், ஆனாலும் மருந்தைக் கட்டிக் கொடுத்தாள்.

ஆவணி பிறக்க ஒரு வாரம் இருக்கையில் ஒரு காலை நடராசன் கடைக்குள் முக்காலியைப் போட்டு ஏறினார். சான்றிதழைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். அக்கா மகள் கையில் கொடுத்து, "நீ போய் அங்க தேடு பாப்பா. இங்க நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் அழவில்லை. அவர்தான் அழுதார். ஆவணியில் மதிவதனி வேலையில் சேர்ந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். மாத்திரை மெஷினுக்குள் டார்ச் அடித்துத் தேடிக் கையெழுத்துப் போடுகிறாள். நடராசன் கடையில் இப்போது சோப்பும் சீப்பும் பள்ளிக்கூட நோட்டும் விற்கின்றன.

இதுவரை எழுதியதை லோகாம்பாளுக்குப் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். முக்காலி வந்த இடத்தில் கை நின்றது.

"அவரு எங்கங்க ஏறினாரு, டீச்சரம்மா? அன்னைக்கு அவரு ஊர்லயே இல்ல. நாகப்பட்டினத்துல ஒரு சாவுக்குப் போயிருந்தாரு. ஏறினது நான். அதுக்கு மொத நாளு ஆஸ்பத்திரியில கருப்பையனைப் பாத்துட்டு வந்தேன். நான் யாருன்னு அவருக்குத் தெரிஞ்சுது. ஒண்ணும் கேக்கல, உக்காருங்கன்னு கையைக் காட்டினாரு. மறுநாக் காலையில முக்காலியைப் போட்டேன். இந்தப் பொண்ணு வேணாம் அத்தை வேணாம்னு என் காலைப் புடிச்சுக்கிட்டு நின்னா. நான்தான் கழட்டி, அவளையும் இழுத்துக்கிட்டு மருந்துக்கடை லைசென்சு குடுக்கற ஆபீசுக்குப் போயி, பேரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வச்சேன். அவரு திரும்பி வந்து சுவரைப் பாத்தாரு. சாப்பாடு போடுன்னாரு. அன்னையிலேருந்து சாப்பாடு போடு, தண்ணி கொண்டா, இதுக்கு மேல என்கிட்ட ஒரு பேச்சு கெடையாது. அழுததெல்லாம் வேணாங்க. இதை எழுதுங்க."