காப்பி டு டைரக்டர்

"இனி தயவுசெய்து எழுத வேண்டாம். முடிவு தெரிந்ததும் நாங்களே சொல்வோம்." கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் வந்திருந்த அந்தப் பதிலை மன்னி நின்றபடியே படித்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கையில் அண்ணாவுக்குக் கலந்த கஞ்சி. திரும்பிப் பார்த்து, "அப்பா, நீங்க ஏதாவது மெயில் போட்டேளா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது நானும் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். நேர்காணல் முடிந்தும் வாய் திறக்காத கம்பெனிகளுக்கு "என்ன ஆயிற்று?" என்று எழுதுவதும், அனுப்பப் பயந்து அழிப்பதுமாகப் பொழுது போகிறது. அப்படி அழிக்கும்போதெல்லாம் மன்னி நினைவுக்கு வருகிறாள்.

அண்ணா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையான வருஷம் அது. அவன் வேலை போயிற்று. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டிருந்த மன்னி மறுபடி கணக்கு எழுதப் போக வேண்டிய நிலை. தில்லி கரோல் பாகில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லாரி கம்பெனியில் நேர்காணல் நன்றாக நடந்தது. அங்கே கிடைத்தால் மத்தியானம் ஓடிவந்து அண்ணாவைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போகலாம். வேறு எந்த வேலையிலும் அது நடக்காது. மாதக் கடைசிக்குள் சொல்வதாக ஆளெடுக்கும் மேடம் சொல்லியிருந்தாள்.

அப்பாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். பதில் வராத கடிதத்துக்கு அவர் அறிந்த ஒரே மருந்து ரிமைண்டர். அதற்கும் அசையாவிட்டால் மேலதிகாரிக்கு ஒரு காப்பி. மன்னிக்குத் தெரியாமல், மன்னியின் பெயரிலேயே, "உடனடி நடவடிக்கை கோரி" ஒரு ரிமைண்டர் எழுதி, கம்பெனி டைரக்டருக்கும் காப்பி தட்டிவிட்டார். ஃபைலை நகர்த்தியதாக அவருக்கு நினைப்பு. முதலாளியிடம் தன்னைப் போட்டுக்கொடுத்ததாக அந்த மேடத்துக்குக் கோபம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

நான் கத்தினேன். லோதி ரோடில் தெரிந்த அதிகாரி ஒருவரைப் பிடித்துச் சொல்லச் சொல்லலாமா என்று அப்பா இழுத்தார். மன்னி, "ஒண்ணும் வேண்டாம்ப்பா. எழுதாதேன்னா எழுதப்படாது," என்றாள். அப்படியே இருந்தாள். மாதக் கடைசி வந்து போனது. நான் துடித்தேன். "மாசம் பொறந்த உடனே கணக்குல எல்லாருக்கும் தலை போற வேலை. அப்போ கூப்பிட்டா எரிச்சல்தான் வரும்," என்று அதற்கும் பொறுத்தாள். அத்தனை தேவையில் இருக்கும் ஒருத்தியால் அடுத்தவர் வேலை நேரத்தையும் யோசிக்க முடிகிறதே என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

பிறகு ஒருநாள், காலை டீ முடிந்திருக்கும் நேரம் பார்த்து, போன் செய்தாள். அப்பா எதிரே பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷம் பேசலாமா என்று இந்தியில் கேட்டு, சரி என்ற பிறகே மன்னி தொடர்ந்தாள். அந்த மெயில் தன் பெயரில் வந்தது, மன்னிக்க வேண்டும் என்றாள். இடம் நிரம்பிவிட்டதா என்று தெரிந்தால் போதும் என்றாள். நிரம்பிவிட்டதாம். மன்னியின் குரல் மாறவில்லை. "சொன்னதுக்கு நன்றி மேடம். பின்னால் ஏதாவது இடம் வந்தால் ஒரு தடவை விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். மாமனார் எழுதியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி விலகியிருக்கும். அவள் சொல்லவில்லை. அப்பா கையிலிருந்த பேப்பர் வெகுநேரம் பக்கம் புரளவில்லை.

சில வாரம் கழித்து, மன்னி உள்ளே அண்ணாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. அப்பா எடுத்து, மாமனார் பேசுகிறேன் என்றார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மேடம்தான். சேர்ந்த ஆள் நிற்கவில்லை, உங்கள் மருமகள் வர முடியுமா என்று கேட்டாள். இதோ கூப்பிடுகிறேன் என்று அப்பா சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "மேடம், வோ மெயில் மைனே லிக்கா தா, எழுதினது நான்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது," என்று தட்டுத்தடுமாறி இந்தியில் சொன்னார். வந்த வேலையும் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "அவள் போன் செய்த அன்றைக்கே தெரியும் அங்கிள்ஜி. எங்கள் அப்பாவும் சர்க்கார் ஆபீஸ்தான், இப்படித்தான் எழுதுவார். உங்கள் மருமகள் வாயிலிருந்து உங்கள் பேச்சு வருகிறதா என்று பார்த்தேன். கடைசிவரை உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லையே! கணக்குக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்."

அப்பா போனோடு அறை வாசலுக்குப் போனார். மன்னி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வாங்குமுன் தமிழில் மெல்லக் கேட்டாள்.

"அப்பா, அந்த மெயில் பத்தி நீங்க ஏதும் சொல்லலையே?"

"நான் ஏம்மா சொல்லப்போறேன்?" என்றார் அப்பா.