கூறைப்புடவை ஏறிய கார்

எங்கள் மாமாவின் காரில் ஹாரன் அடிக்கும் தைரியம் மாமாவுக்கே கிடையாது. அடித்தால் சில நேரம் வண்டி நின்றுவிடும். முன்பக்கம் உருண்டையாகப் புடைத்த பழைய வெள்ளைக் கார் அது. ஒருமுறை எலி வயரைக் கடித்துவிட்டது என்று மாமா தானே உட்கார்ந்து எல்லா வயரையும் மாற்றினார். எதை எங்கே சொருகுவது என்பது பாதியில் மறந்துபோக, ஹாரன், வைப்பர், என்ஜின் எல்லாவற்றையும் ஒரே ஃப்யூஸில் கட்டிவிட்டார். அந்தக் கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டால் மற்றவர்கள் எல்லோரும் பட்டினி.

அப்படிப்பட்ட காரில்தான் எங்கள் பெரியப்பா மகனின் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை போனது. கல்யாணம் எங்கள் ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில், பெண் வீட்டில். மாப்பிள்ளையும் மற்ற சனமும் முந்தின நாளே வேனில் போய்விட்டார்கள். புடவை மட்டும் போகவில்லை. ஏனென்றால் அது அப்போதும் எங்கள் வீட்டுத் தறியில் இருந்தது. நெய்தவர் என் அப்பா. ஒரு நாளும் வேலையில் தாமதிக்காத மனிதர், அந்த ஒரு புடவையை மட்டும் இழுத்துக்கொண்டே போய், கல்யாணத்தன்று விடிந்த பிறகுதான் தறியிலிருந்து அறுத்தார். பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லாமல் மடித்துத் தட்டில் வைத்தார்கள். அது போய்ச் சேராமல் தாலி கட்ட முடியாது.

காரில் ஐந்து பேர். ஓட்டுகிற மாமா, அவர் பக்கத்தில் பெரியப்பா, பின்னால் அப்பா, அம்மா, நடுவில் மடியில் தட்டோடு நான். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அந்த வருடம்தான் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் போகிறோம் என்றதும் நான் போட்டுக்கொண்டது பள்ளிக்கூட டை. கால்சட்டையில் பின்பக்கம் ஒட்டுப்போட்டிருந்தது. அதனால் யாரும் என் பின்னால் வராதபடி பார்த்துக்கொண்டேன்.

பெரியப்பா பற்றிச் சொல்ல வேண்டும். தறியை விட்டு அரிசி மண்டிக்குப் போனவர். புடவைக்கான அசல் ஜரிகையை அவரே வாங்கி வந்து அப்பா கையில் கொடுத்திருந்தார். அவர் எதிரில் அப்பா உட்காரமாட்டார், உரக்கப் பேசமாட்டார். காரில் வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார், அதுவும் சீட்டின் நுனியில்.

ஊர் தாண்டி வயற்காட்டு ரோட்டில் போகும்போது குறுக்கே ஆட்டுமந்தை. மாமா எவ்வளவோ கையை அடக்கிப் பார்த்தார். கடைசியில் ஹாரனை அமுக்கிவிட்டார். 'பா' என்று ஆரம்பித்தது. முடிக்கவில்லை. என்ஜினும் கூடவே அணைந்தது. ஆடுகள் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாகப் போயின.

"முகூர்த்த நேரத்துல இன்னாடா இது பேஜாரு?" என்றார் பெரியப்பா.

"தோ, ரெண்டு நிமிசம் பெரியவரே. ஜல்தியா முடிச்சிடறேன்."

மாமா சாவியைத் திருப்பினார். என்ஜின் கரகரவென்று சுற்றியது, பிடிக்கவில்லை. "சுத்துது, அப்ப பேட்டரி சவுரியமா கீது" என்றார். பானெட்டைத் தூக்கி மூக்கை உள்ளே விட்டார். "பெட்ரோல் வாசன வருது, அதுவும் வந்துகினுதான் கீது." பிறகு ப்ளக் வயர் ஒன்றைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, "இதும் முனைய இரும்பாண்ட காட்டிப் புடி. நீலமா பொறி வருதா சொல்லு" என்றார். தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். சுற்றினார். பொறி வரவில்லை. "அப்ப கரண்டே இங்க வர்ல. ஃப்யூஸ்தான் பூட்ச்சி" என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்த கம்பி உருகிக் கறுத்திருந்தது.

வேறு ஃப்யூஸ் இல்லை. டூல்ஸ் பெட்டியைக் கல்யாணச் சாமானுக்கு இடம் வேண்டுமென்று வீட்டிலேயே இறக்கிவிட்டிருந்தார். அம்மா தாலிக்கயிற்றிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி நீட்டினாள்.

"ஊக்கு தடி அக்கா. அதப் போட்டா அது உருகாது, உள்ள வயருதான் பத்திகும். மெல்லிசா வோணும். ஒரு சிகரெட் டப்பா இருந்தாகூட அதுல வர்ற ஜிகினாத் தாள சுத்தி உட்டுடுவேன். சிகரெட்டே குடிக்காத குடும்பத்துல வந்து மாட்டிகினேன் பாரு!"

பெரியப்பாவுக்கு அந்த நிலையிலும் பெருமை. "எந்தம்பி மூச்சு உடறதுன்னாகூட என்னக் கேட்டுட்டுதான்டா உடுவான்" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இந்த இடத்தில்தான் என் இங்கிலீஷ் மீடியம் மூளை வேலை செய்தது. எங்கள் வீட்டுக்குப் புடவை பார்க்க வருகிறவர்களிடம் அப்பா ஜரிகையைத் தடவிக் காட்டி ஒரு வார்த்தை சொல்வார். அது எனக்கு மனப்பாடம்.

"மாமா, ஜரிகை போட்டா? எங்கப்பா நெய்ஞ்சது. சுத்தமான வெள்ளி மாமா!"

மாமா என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. "வெள்ளியவிட நல்லா கரண்ட் கடத்தறது எது கீது? பாத்தியாக்கா, உம்புள்ள கலெக்டரா வருவான்!"

கூறைப்புடவையில் கை வைப்பதா என்று பெரியப்பா தயங்கினார். நான் விடவில்லை. முந்தானையின் உள்பக்கத்தைப் புரட்டி, பூவுக்குப் பூ தொங்கிய ஜரிகைப் பிசிறுகளைக் காட்டினேன். "பிசிறுதான, அறு" என்றார். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடினார். தனக்குத் தெரியாத யோசனை மகனுக்கு வந்துவிட்டதே என்று வாயடைத்துப் போனார் என்று நான் நினைத்தேன்.

மாமா நாலைந்து இழைகளை முறுக்கிக் கண்ணாடிக் குழாயின் மேல் சுற்றிச் சொருகினார். சாவியைத் திருப்பினார். கரகர. அவ்வளவுதான். கழற்றி, ஃப்யூஸ் மாட்டும் இடத்தைச் சட்டை நுனியால் துடைத்து, மறுபடி சொருகினார். கரகர.

"இன்னாடா இது? வெள்ளில கரண்ட் போவாம எங்க போவும்?" மாமா அந்த இழையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பெரியப்பாவும் கிட்டே வந்து பார்த்தார். பிறகு அம்மா மடியில் இருந்த புடவையைப் பார்த்தார்.

"நெருப்புக் குச்சி கீதா யார்னா?" என்றார் மாமா, விளையாட்டாகத்தான். "ஒரு இழைய கொளுத்திப் பாத்தா தெரிஞ்சிடும். வெள்ளின்னா நிக்கும், இல்லன்னா பொசுங்கிடும்."

அப்போது அப்பா செய்த காரியத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். வேட்டி மடிப்புக்குள் கையை விட்டார். ஒரு சிகரெட் டப்பாவை எடுத்தார். நேராகப் பெரியப்பாவின் மூக்குக்கு முன்னால் அதைத் திறந்து, தாளை உருவி, மாமாவிடம் நீட்டினார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா தாளை வாங்கக்கூட மறந்து நின்றார். வெற்றிலைகூடப் போடாத அப்பா! கோயில் சிலை இறங்கி வந்து தீப்பெட்டி கேட்டிருந்தால்கூட நான் அவ்வளவு அதிர்ந்திருக்கமாட்டேன்.

"சுத்து மச்சான், நேரமாவுது" என்றார் அப்பா. அவர் குரல் மட்டும்தான் நிதானமாக இருந்தது.

மாமா தாளைச் சுற்றிச் சொருகி, பொறி பார்க்க ப்ளக் வயரை மறுபடி என் கையில் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டு, கையிலிருந்த ப்ளக் வயர் முனைக்குள் என்னையறியாமல் விரலை விட்டிருந்தேன். என்ஜின் பிடித்தது. என்னையும் பிடித்தது. தோள்வரை யாரோ கட்டையால் அடித்ததுபோல் ஓர் அதிர்ச்சி. நான் அலறித் துள்ளிய அதே நேரம் பெரியப்பாவின் கை அப்பாவின் கன்னத்தில் இறங்கியது.

"என் எதுருலயே எட்த்து நீட்டறான் பாரு! எத்தினி வருசமாடா இந்தப் பயக்கம்?"

நான் விரலைச் சப்பிக்கொண்டே அப்பாவைப் பார்த்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அடி வாங்கியவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஷாக் அடித்தது எனக்கா அவருக்கா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

சேத்துப்பட்டு போய்ச் சேரும்வரை பெரியப்பா திட்டிக்கொண்டே வந்தார். சிகரெட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை. புடவைப் பக்கம் அவர் திரும்பவேயில்லை. நேரத்துக்குத் தாலி ஏறியது. போட்டோ எடுத்தவர், இப்படி மின்னுகிற ஜரிகையை இதுவரை பார்த்ததில்லை என்றார். நான் பந்தியில் இலைக்கு இலை நின்று, "எங்கப்பா சிகரெட் புடிப்பாரு" என்று சொல்லி இரண்டு லட்டு அதிகமாக வாங்கினேன்.

கலெக்டர் ஆகவில்லை. அந்த இங்கிலீஷ் மீடியத்தில் நான் கற்ற ஒரே இங்கிலீஷ் 'மே ஐ கோ அவுட்'. ஒருநாள் அதைச் சொல்லிவிட்டு வெளியே போனவன் திரும்பவேயில்லை. மாமாவின் காரில் ஆரம்பித்து, இன்று ஆரணியில் பழைய கார்களுக்கு வயரிங் பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். ஷாக் வாங்காத விரல் ஒன்றும் மிச்சமில்லை.

போன வருடம் சாப்பாடு கொண்டு வந்த அம்மா, நான் டெஸ்ட் பல்பு வைத்து ஃப்யூஸ் பார்ப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டியிருந்தது அப்பா நெய்த பழைய பட்டு. எனக்குக் குறும்பு. முந்தானை ஓரத்துப் பிசிறில் வயரை வைத்துப் பார்த்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"அப்ப அன்னிக்கி கார்ல மட்டும் ஏம்மா கரண்ட் போவல?"

அம்மா சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்தாள். "அது பிளாஸ்டிக் ஜரிகடா. பெரியப்பா குடுத்த வெள்ளி ஜரிகய வித்துதான் உங்கப்பா உன்ன அந்த ஸ்கூல்ல சேத்தாரு" என்றாள்.

கையில் பல்பு எரிந்துகொண்டேயிருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. காரே நின்று, எல்லோரும் வெள்ளியைத் தேடிக்கொண்டிருந்த அந்தக் காலையில், அது என் கழுத்தில்தான் டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முடிச்சை இரண்டு விரலால் சரிசெய்துகொண்டுதான், அப்பாவைப் பெருமையாகப் பார்த்தபடி, சுத்தமான வெள்ளி மாமா என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.