மூன்று புகார் பன்னிரண்டான கதை

அந்தப் பேருந்துப் பணிமனையில் அவளைப் ‘படக்கா’ என்பார்கள். டிக்கெட் கவுண்ட்டரில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவள். கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றிய பிறகு, இரண்டு மூன்று கோப்புகளை இணைத்து வண்ண வரைபடம் போடக் கற்றுக்கொண்டாள். அந்தப் படங்கள்தான் மேனேஜருக்கு வேதவாக்கு.

அன்று காலை பத்து மணிக்கு ‘நிதானம்’ வந்தார். பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் வண்டியை விரட்டாததால் அந்தப் பெயர் வாங்கிய டிரைவர். கையில் ஒரு கடிதம்.

“ஏம்மா, என் மேல பன்னெண்டு புகாராம். பதினோரு மணிக்கு விசாரணை. வண்டியத் தொடாதேன்னு சொல்லிடுவாங்க போல. வந்தது மூணுதாம்மா. மூணுக்கும் நானே பதில் எழுதிக் குடுத்தேன்.”

படம் பொய் சொல்லாது என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். “உக்காருங்கண்ணே.”

புகார்க் கோப்பைத் திறந்தாள். அவர் எண்ணுக்கு நேரே மூன்றே வரி. அவள் போட்ட படத்தில் பன்னிரண்டு. எல்லா டிரைவர்களின் மொத்தத்தையும் பார்த்தாள்: கோப்பில் அறுபத்தொன்று, படத்தில் தொண்ணூற்று நான்கு.

மணி பத்தரை. படத்தில் போட்டிருந்த வடிகட்டிகளை, அதாவது ஃபில்டர்களை, ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தொண்ணூற்று நான்கு அசையவில்லை. யார் எந்த ரூட்டில் ஓட்டினார் என்று காட்ட இணைத்திருந்த பணிப்பட்டியலை எடுத்துவிட்டுப் பார்த்தாள். அறுபத்தொன்று. மறுபடி இணைத்தாள். தொண்ணூற்று நான்கு.

“அண்ணே, போன மாசம் எத்தன ரூட்ல ஓட்டுனீங்க?”

“எவன் லீவு போட்டாலும் என்னத்தானே அனுப்புறாங்க. நாலு.”

பணிப்பட்டியலில் அவர் எண் நான்கு வரிகளில் இருந்தது. டிரைவர் எண்ணை வைத்து அவள் இணைத்தபோது, ஒவ்வொரு புகாரும் அந்த நான்கு வரிகளோடும் ஒட்டிக்கொண்டு நான்காகப் பெருகியிருந்தது.

மாடியிலிருந்த மேனேஜர் அறைக்குப் படியேறினாள்.

“சார், தப்பு என்னோடது. அவர் மேல மூணுதான்.”

“ஏம்மா, இப்பவா வந்து சொல்றது? தலைமை ஆபீசுக்கே அனுப்பியாச்சே!”

“அனுப்புனதும் நான் குடுத்த படந்தான் சார். திருத்துனதுலயும் நானே கையெழுத்துப் போடறேன்.”

மேனேஜர் அவளை முறைத்தபடியே போனை எடுத்தார். விசாரணை நின்றது. நிதானம் “பன்னெண்டு மணி வண்டிக்கு நேரமாச்சும்மா” என்று கிளம்பிவிட்டார்.

அதற்கு முந்தைய மாதப் படத்தையும் இதே மாதிரி இணைத்துத்தானே போட்டாள்? திறந்தாள். அதில் முதலிடத்தில் நின்றவரும் லீவுக்கு மாற்றாகப் போகிற டிரைவர்தான். படத்தைப் பார்த்து அவரை வண்டி கழுவ அனுப்பி மூன்று வாரமாகிறது. திருத்திப் பார்த்தால் இரண்டே புகார்.

யாரும் கேட்கவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. திருத்திய படத்தை அச்செடுத்தாள். பிறகு எழுந்து மறுபடி படியேறினாள்.

மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது. வண்டி கழுவியவர் ஸ்டியரிங்குக்குத் திரும்பினார். ஆனால் அவர் இன்றுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை.