டேட் இன்னும் வரலக்கா

போன வியாழக்கிழமை காலை. கண்டியிலிருந்து பன்வில போகும் பஸ். உட்கார இடமில்லை. ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் மெழுகுவர்த்திப் பொட்டலம் நசுங்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

சட்டைப் பையில் போன் 'டிங்' என்றது.

வத்தேகம தாண்டி உட்கார இடம் கிடைத்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். "நல்ல செய்தி! நீங்கள் காத்திருந்த பயணத்தின் கட்டணம் குறைந்துள்ளது. சென்னை – திருகோணமலை – சென்னை. பால்கனி கேபின். இருவர்."

இருவர்…

நான் போய்க்கொண்டிருந்ததே அந்த இருவரில் ஒருவரின் முப்பத்தோராம் நாள் பூசைக்குத்தான். என் அக்கா. செசிலி அக்கா.

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு ஞாபகமிருக்கும். போன வருடம் இதே இடத்தில், உல்லாசக் கப்பலுக்கு எப்போது புக் பண்ணினால் லாபம் என்று ஒரு பெரிய பிரசங்கமே வைத்தேன். முதலில் விற்பது, 'எனக்கு இந்த கேபின்தான் வேண்டும்' என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு. பிறகு விலை மெல்ல ஏறும். முழுப் பணத்தையும் கட்டவேண்டிய கடைசி நாள் என்று ஒன்று வரும் — அன்று பின்வாங்கியவர்கள் விட்ட கேபின்கள் மறுபடி விற்பனைக்கு வரும். அதிலும் போகாமல் மிஞ்சியவை, கப்பல் புறப்பட இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது சரசரவென்று இறங்கும். அதுதான் நமக்கான நேரம்!

அசையாமல் இருந்தால் கடலே நம் பக்கம் வரும் என்று முடித்திருந்தேன். எவ்வளவு திமிர், பாருங்கள். பாராட்டிக் கடிதங்கள் வேறு வந்தன. இப்போதும் வருகின்றன. "சேர், பிள்ளைகளின் டிசம்பர் லீவுக்கு எப்போது புக் பண்ணலாம்?"

அந்தப் பத்தியில் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். யாருக்காக விலை பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் இருவரும் பிறந்தோம். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, தோட்டத்து ஆட்களை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. எங்கள் அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்திருந்தார். அக்கா கல்யாணமாகிப் போன வீட்டில் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். எழுதிய கையெழுத்து காயும் முன்பே தெரிந்துவிட்டது — ஒரு பிள்ளை இங்கே, ஒரு பிள்ளை அங்கே.

எழுதிக்கொடுத்தவுடன் போய்விடவும் முடியாது. டேட் வரவேண்டும். கண்டியில் இருந்த ஆபீஸிலிருந்து கடிதம் வரும். இன்ன திகதி ரயில் — எங்கள் பேச்சில் கோச்சி — இன்ன திகதி தலைமன்னாரில் கப்பல் என்று. எப்போது வரும்? ஒருவருக்கும் தெரியாது. தோட்டத்தில் ஒருவரையொருவர் கண்டால் "சாப்பிட்டாச்சா?" என்பதற்குப் பதிலாக "டேட் வந்திருச்சா?" என்றுதான் கேட்பார்கள். அக்காவின் மாமியார் வீட்டில் ட்ரங்குப் பெட்டியைக் கட்டி மூலையில் வைத்துவிட்டு இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆபீஸுக்குப் போய்க் கேட்கலாமே என்பீர்கள். கேட்க மாட்டார்கள். கேட்டால் கிளார்க்குக்குக் கோபம் வரும், ஃபைலைத் தூக்கி அடியில் போட்டுவிடுவார் என்று ஒரு பயம். உண்மையில் அப்படி யாருக்காவது நடந்ததா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் கேட்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டேட் வந்தது. கண்டி ஸ்டேஷனில் அக்காவைக் கோச்சி ஏற்றினோம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அவள் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தபடியே இருந்தாள், கோச்சி நகர்ந்த பிறகுதான் விட்டாள்.

கொஞ்ச காலத்தில் கப்பலும் நின்றது, யுத்தமும் வந்தது. அப்பாவின் சாவுக்கு அவள் வரவில்லை. அம்மாவின் சாவுக்கும் வரவில்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துப் பறித்தே வயதாகி ரிட்டயர் ஆனாள். நான்தான் மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போகும்போதெல்லாம் ப்ளேனில் வா அக்கா, ஒரு மணித்தியாலம்தான் என்று கூப்பிடுவேன்.

"கப்பல்லதான் போனேன் தம்பி. வந்தா கப்பல்லதான் வருவேன்."

வெறும் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். கடைசித் தடவை போனபோது காரணத்தையும் சொன்னாள்.

"போறப்ப எங்களக் கீழ் தட்டுல உக்கார வச்சிட்டாங்க. மேல போயி ஊரு மறையறத ஒரு தரம் பாத்துறணும்னு இருந்துச்சு. மாமியாவுக்கு ஒரே வாந்தி. மடியில படுத்துக்கிட்டாங்க, எந்திரிக்க முடியல. அவங்க தூங்கினப்புறம் மேல ஓடிப் பாத்தா தண்ணி மட்டுந்தான் இருக்கு. வர்றப்பவாவது மேல நின்னு, கரை வர்றதப் பாக்கணும்டா."



ஆகவே, சென்னையிலிருந்து திருகோணமலைக்கு உல்லாசக் கப்பல் வருகிறது என்று கேள்விப்பட்ட அன்றே அவளுக்குப் போன் பண்ணினேன். நான் சென்னைக்கு வருகிறேன், நீ மலையிலிருந்து இறங்கி வா, இரண்டு பேரும் சேர்ந்து ஏறுவோம் என்றேன். அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"வர்றேன்."

அறுபது வயதைத் தாண்டியவள், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே போய் வரிசையில் நின்று பாஸ்போர்ட் எடுத்தாள்.

சரி, அன்றே புக் பண்ணியிருக்கலாம்தானே? பண்ணவில்லை. ஏன்? நான்தான் கெட்டிக்காரன் ஆயிற்றே!

கரை வருவதைப் பார்க்கவேண்டும் என்றால் பால்கனி கேபின்தான் எடுக்கவேண்டும் என்று நானே முடிவு கட்டினேன். ஜன்னல் இல்லாத உள் கேபினைவிட அது எவ்வளவோ கூட. ஆனால் கடைசி நேரத்தில் உள் கேபின் விலைக்கே பால்கனி கிடைத்ததாக யாரோ ஒருவர் இணையத்தில் எழுதியிருந்தார். அவ்வளவுதான். அதுவே எனக்கும் வேண்டும் என்று பிடித்துக்கொண்டேன்.

கண்டியில் துணிக்கடை ஒன்றுக்கு மேல் மாடியில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார் ரிஸ்வி நானா. எனக்கு இருபது வருடப் பழக்கம். அவர் முதல் நாளே சொன்னார்.

"கரையப் பார்க்கத்தானே சேர்? கப்பல்ல மேல் தட்டு எல்லாருக்கும் பொது. உள் கேபின் எடுத்தாலும் அங்க போய் நின்டு பார்க்க ஏலும்தானே. இன்டைக்கே போடுவோம்."

"இல்ல நானா. கொஞ்சம் இறங்கட்டும்."

முதல் சீசனில் இறங்கும் என்று பார்த்தேன், ஏறியது. அடுத்த சீசனில் நிஜமாகவே இறங்கியது. இன்னும் இறங்கும் என்று விட்டேன். நாலாம் நாள் பார்த்தால் பால்கனி எல்லாம் முடிந்துவிட்டது.

"நீங்க ஒரு கிலோ கரட் வாங்க மார்க்கட்ட மூணு தரம் சுத்துற ஆளு," என்றாள் என் மனைவி. "அக்கா விஷயத்துலயும் அதே சுத்துதானா?"

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, விலை இறங்கினால் சொல்லும்படி போனில் ஓர் அலர்ட்டைப் போட்டு வைத்தேன். இனி நான் கவலைப்பட வேண்டியதில்லை, போன் பார்த்துக்கொள்ளும்!

அக்கா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாள். தொடக்கத்தில் ஒரு தடவைதான் கேட்டாள். "எப்ப தம்பி கெளம்புறோம்?"

உனக்காக மலிவு விலைக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாய்க்கு வந்த ஒன்றைச் சொன்னேன்.

"கப்பல் கம்பெனிக்காரன் இன்னும் திகதி குடுக்கல. டேட் இன்னும் வரலக்கா."

"அப்படியா… சரி தம்பி. வர்றப்ப வரட்டும்."

அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை. அங்கே மழை, பேரனுக்குப் பரீட்சை, பங்குக்குப் புது சாமியார் வந்திருக்கிறார் — எல்லாம் பேசுவாள். கப்பலைப் பற்றி மூச்சு விடமாட்டாள். போனை வைக்கப்போகும் நேரம் நானாகவே, "டேட் இன்னும் வரலக்கா" என்பேன். "சரிப்பா" என்பாள். இப்படியே எத்தனை ஞாயிறு!

அவளுக்கே அவசரமில்லை, எனக்கென்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

போன மாதம் ஒரு காலை, தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போனவள் அங்கேயே விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவள் மகன் ஸ்டீபன்தான் கூப்பிட்டான். "மாமா…" என்றான்.

ரிஸ்வி நானாவுக்குப் போன் அடித்தேன். எந்த ப்ளேன் என்றாலும் சரி, இன்றைக்கே போகவேண்டும் என்றேன். விசா கையிலேயே இருந்தது — கப்பலுக்காக எடுத்து வைத்திருந்த விசா. பத்து நிமிடத்தில் டிக்கட் வந்துவிட்டது. என்ன விலை என்று நான் கேட்கவேயில்லை. கரட்டுக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறவன், என் வாழ்க்கையிலேயே விலை கூடிய டிக்கட்டை விலை கேட்காமல் வாங்கினேன்.

பெட்டியை மூடுவதற்கு முன் போய்ச் சேர்ந்தேன். அவள் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தெரிகிற மாதிரியே. நான் அழுத அழுகையைப் பார்த்து அங்கே வந்தவர்கள், எவ்வளவு பாசமான தம்பி என்றார்கள். அதைக் கேட்டு இன்னும் அழுதேன். பாசம் மட்டுமல்ல அது என்று யாரிடம் சொல்வது?

அடக்கம் முடிந்து மறுநாள், ஸ்டீபன் அவள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பிரயாணப் பையை இழுத்து என் முன்னால் வைத்தான். திறந்தேன். மடித்த இரண்டு சேலை. ஒரு ஸ்வெட்டர். புதுப் பாஸ்போர்ட். பிரயாணத்தில் வாந்தி வராமலிருக்கப் போடும் மாத்திரை, மூன்று அட்டை. இரண்டு அட்டையில் திகதி முடிந்திருந்தது. மூன்றாவது புதிது, போன மாதம்தான் வாங்கியிருக்கிறாள். அடியில் ஒரு தடித்த கவர்.

"அந்தக் கவர் உங்களுக்குத்தான் மாமா," என்றான் ஸ்டீபன். "ரிட்டயர் ஆன பணத்துல எடுத்து வச்சாங்க. டேட் வந்ததும் டிக்கட்டுக்குக் குடுக்கணும், தம்பி தலையில கட்டக் கூடாதுன்னு. ரெண்டு பேருக்கும் சேத்து வச்சிருக்காங்க."

என்னால் அந்தக் கவரைத் தொட முடியவில்லை.

"நான் நெட்ல பாத்தேன் மாமா. சீசன் நேரத்துல வாரா வாரம் கப்பல் போகுது. மாமாகிட்ட என்னன்னு கேக்கட்டுமான்னு அம்மாகிட்ட எத்தனையோ தரம் சொன்னேன். விடவே இல்ல. 'தம்பிகிட்டக் கேக்காதடா, கேட்டா ஃபைலு அடியில போயிரும்'னு பயந்தாங்க." அவன் என் முகத்தையே பார்த்தான். "எனக்கு ஒண்ணும் புரியல. எந்த ஃபைலு மாமா?"

எந்த ஃபைல் என்று நான் அவனுக்கு எப்படிச் சொல்வேன்? அவள் கேட்காமலிருந்தது அவசரமில்லாததால் அல்ல. இருபது வயதில் பழகியதை மறுபடி செய்திருக்கிறாள். பையைக் கட்டி வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல், டேட் வரும் என்று உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பயத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தவன் நான். ஒரு பால்கனிக்காக.

வியாழக்கிழமை பூசைக்குக் கோயிலில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். அக்காவைத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர் மட்டும். எங்கள் இருவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்த கோயில் அது. மெழுகுவர்த்தியை ஏற்றினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போனேன். முழங்காலில் நின்று, மெழுகுவர்த்தி பாதி எரியும்வரை பார்த்துவிட்டு எழுந்து வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அந்த அலர்ட்டை மறுபடி பார்த்தேன். உள் கேபின் விலைக்குப் பால்கனி. கப்பல் புறப்பட இன்னும் இரண்டு வாரம். நான் எழுதியது அப்படியே பலித்திருக்கிறது, ஒரு சொல்கூடப் பிழையாகவில்லை. அலர்ட்டை நிறுத்தினேன்.

டிசம்பர் லீவுக்குக் கேட்டவர்களே, விலை விவரம் எல்லாம் ரிஸ்வி நானாவைப் போன்றவர்களிடம் கேளுங்கள். என்னிடம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். யாரைக் கூட்டிப்போக ஆசையோ, அவர் 'வர்றேன்' என்று சொன்ன அன்றே போட்டுவிடுங்கள். விலை கூடத்தான் இருக்கும், இருக்கட்டும். எந்த கேபின் கிடைக்கிறதோ அதைப் போடுங்கள், மேல் தட்டு எல்லாருக்கும் பொது.

கப்பல் கம்பெனி வாரா வாரம் டேட் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. கொடுக்காத ஆபீஸ் நான்தான்.