சமையல்காரனை விட்டுவிட்டார்கள்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். மூன்றாம் வகுப்போடு நின்றவன், பிழையும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியில் ஒரு புளி மண்டியில் நானும் அண்ணனும் மூட்டை தூக்கினோம். கூடப் பிறந்தவர் இல்லை, கூடச் சுமந்தவர். போன மாசியில் சூளகிரி இறக்கத்தில் எங்கள் பாரவண்டி அச்சு முறிந்து சாய்ந்தது. கல்யாணத்துக்கு நின்ற முதலாளி மகன் அடியில் மாட்டிக்கொண்டான். அண்ணன் முதுகைக் கொடுத்து வண்டியைத் தூக்கிப் பிடித்தார். நான் அவனை வெளியே இழுத்தேன். அவனுக்குக் காலில் சிராய்ப்பு. அண்ணனுக்கு இடுப்பு போயிற்று. இன்றுவரை எழுந்து உட்காரவில்லை. முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சலூனில் படித்துப் போட்ட வாரப் பத்திரிகையைக் கேட்டு வாங்கிப் போய், அதில் வரும் படக்கதையை அண்ணனுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. கதையில் முகமூடி போட்டு வானத்தில் பறக்கும் வீரன் ஒருவன். அவனை அண்ணன் கண்டுகொள்ள மாட்டார். அவனுக்குச் சோறாக்கும் தொப்பைக்காரச் சமையல்காரனைத்தான் விசாரிப்பார். ஒரு வாரம் குகை இடிந்து, பறக்கிற வீரனே உள்ளே சிக்கினான். சமையல்காரன் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு குகையின் கூரையையே முதுகில் தாங்கினான். அத்தோடு ‘தொடரும்’ என்று போட்டுவிட்டார்கள்.

“அவன் இடுப்பு தாங்குமாடா?” அந்த வாரம் முழுக்க அண்ணனுக்கு இதே கேள்வி.

அடுத்த வாரம் வீரன் அரண்மனையில் மாலையோடு நின்றான். சமையல்காரனைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு மனுஷனைப் பாறைக்கடியில் விட்டுவிட்டு, வரைந்தவன் எப்படிச் சாப்பிட உட்கார்ந்தான்?

“சமையல்காரன் பாறையத் தள்ளிட்டு வந்துட்டாண்ணா. ராஜா அவனுக்கும் மாலை போட்டாரு,” என்று படிப்பது போலச் சொன்னேன்.

“எங்க, காட்டு.”

படம் பார்க்க எழுத்து எதற்கு? அண்ணன் கட்டம் கட்டமாக விரல் வைத்துத் தேடினார்.

“இல்லியேடா,” என்று பத்திரிகையை மூடினார். பிறகு கதை கேட்கவே இல்லை.

மகன் பிழைத்ததற்காக முதலாளி ஆடியில் முனியப்பனுக்குக் கிடா வெட்டினார். மண்டி ஆட்கள் எல்லோருக்கும் பந்தி.

“சாமியே வந்து வண்டியத் தாங்குச்சுப்பா,” என்றார் முதலாளி.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. “தாங்குனது எங்கண்ணனுங்க. அவருக்கு எல எங்கீங்க?”

“ஊமைக்கும் வாய் வந்துருச்சு,” என்று முதலாளி தெலுங்கில் சொல்ல, கணக்கர் சிரித்தார். இந்தப் பக்கத்தில் தெலுங்கு புரியாதவன் யார்? பிறகு முதலாளியே என்னிடம் தமிழில், “மிஞ்சுனா அவனுக்கு எடுத்துட்டுப் போ,” என்றார்.

மிஞ்சும்வரை நான் காத்திருக்கவில்லை. அப்போதே தூக்குச்சட்டியில் சோறும் கறியும் வாங்கிக்கொண்டு அண்ணனிடம் போனேன்.

“யார் குடுத்தனுப்புனது?”

இங்கே காட்டுவதற்குப் படம் இல்லை, பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. “யாரும் அனுப்பலண்ணா. நானாத்தான் கொண்டாந்தேன்.”

“அப்ப வேணாம். எடுத்த எடத்துலயே வெச்சிட்டு வா.”

நான் திரும்பிப் போனபோது பந்தி முடியவில்லை. சட்டியை முதலாளி இலைக்கு முன்னால் வைத்தேன். “அண்ணன் வேணாம்னுட்டாருங்க.” கணக்கர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

மறுநாள் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். இப்போது மத்தூரில் மூட்டை தூக்குகிறேன். முனியப்பன் தாங்கிய கதையை மண்டியில் இன்னும் சொல்கிறார்களாம். சொல்லட்டும். தாங்கியது அண்ணன். அவரை விட்டுவிட்டு இந்தக் கதையை முடிக்க நான் விடமாட்டேன்.

விளம்பி வருஷம், ஆவணி மாதம் எட்டாம் தேதி.