பிலோ அக்கா ஏசி அறையில் சாப்பிட்ட நாட்கள்

பிலோமினா அக்கா காலமாகிவிட்டார். இன்று காலை, கலஹா வீட்டில், தூக்கத்திலேயே.

மகள் வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அம்மா போயிட்டாங்க மாமா. சைட் ஆளுங்களுக்கெல்லாம் நீங்கதான் சொல்லணும்." சொல்கிறேன்...

தெரியாதவர்களுக்காக: பேராதனைப் பக்கம் ஒரு தனியார் கம்பெனி எழுப்பிய பசுமைக் கட்டடத்தில் அக்கா கல்லும் சீமெந்தும் சுமந்தவர். அங்கே பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. யாரும் தெரிவு செய்யவில்லை, யாரும் ஆட்சேபிக்கவும் இல்லை.

நான் அங்கே ஸ்டோர் கிளார்க்.

பசுமை என்றால் சாதாரணப் பசுமை இல்லை. பிளானில் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி இருந்தது, வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பூஞ்செடி இருந்தது, மழைநீர் தங்க நிலவறை இருந்தது. கட்டுகிற மனிதர்கள் சாப்பிட ஒரு தகரக் கொட்டில் இருந்தது.

கண்டி குளிரான ஊர் என்பது இப்போது கலண்டர் படங்களில் மட்டும்தான் உண்மை. அந்தப் பங்குனியில் கொட்டிலுக்குள் வைத்த சோற்றுப் பார்சல் காலையில் கட்டியபோது இருந்ததைவிடச் சூடாக இருக்கும்.

ஒரு மத்தியானம் வசந்தி என்ற பெண் கல் சுமக்கும்போதே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாளே வேலைக்கு வந்து நின்றாள். வராவிட்டால் சம்பளம் இல்லை.

உச்சி வெயிலில் ஓய்வு வேண்டும், உட்கார நிழல் வேண்டும், அதற்காகச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று அக்கா போய்க் கேட்டார். எஞ்சினியர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். திட்டத்தில் அதற்கெல்லாம் இடமில்லை என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். வருத்தத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருந்தார்கள் போலும்.

மறுநாள் சாப்பாட்டு நேரம். அக்காவும் பெண்களும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் ஏசி கன்டெய்னர் ஒபிசுக்குள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பார்சலைப் பிரித்தார்கள்.

கருவாடு.

எஞ்சினியர் வாயைத் திறப்பதற்குள் அக்கா சிலுவை அடையாளம் போட்டுச் சாப்பாட்டு ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ஜெபத்தின் நடுவே யாரை வெளியே போகச் சொல்வது? நெற்றியில் திருநீறோடு அவரும் எழுந்து நின்றார்.

ஜெபம் நாளுக்கு நாள் நீண்டது. சோற்றுக்கு நன்றி, முதலாளிக்கு ஆசீர்வாதம், பிளானில் உள்ள பறவைகளுக்கு ஆசீர்வாதம், ஏசிக்கும் தனியாக ஒன்று... கடைசியில், "இந்த எஞ்சினியர் ஐயா மனசுலயும் கொஞ்சம் நெழலக் குடுங்க ஆண்டவரே."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஐயாவின் உதடும் அசைந்த மாதிரித்தான் எனக்குப் பட்டது.

அந்தச் சமயத்தில்தான் பசுமைச் சான்றிதழுக்காகக் கொழும்பிலிருந்து ஒரு மேடம் பரிசோதனைக்கு வந்தார். ஒபிஸ் கதவைத் திறந்தார். கருவாட்டு வாசம், ஜெபம், தரை முழுக்கப் பெண்கள்... இவர்கள் ஏன் இங்கே சாப்பிடுகிறார்கள் என்று நல்ல தமிழில் கேட்டார்.

எஞ்சினியர் சீலிங்கைப் பார்த்தார். அக்கா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "வெயிலு மாறிருச்சு மேடம். வேல நேரம் மட்டும் மாறல."

மேடம் போய்த் தகரக் கொட்டிலுக்குள் நின்று பார்த்தார். கொஞ்ச நேரம்தான். வெளியே வந்து, இது சரியாகும்வரை தன் கையெழுத்து கிடைக்காது என்றார்.

முதலாளியிடமிருந்து போன் வந்தது. போனை வைத்துவிட்டு எஞ்சினியர் அக்காவைக் கூப்பிட்டார். "ஓம், சரி பிலோமினா. வெள்ளன வந்து தொடங்குங்கோ, மத்தியானம் ஆறுங்கோ, சம்பளம் குறையாது. நிழலும் தாறன். கருவாட்டை மட்டும் வெளியில கொண்டு போங்கோ."

"நெழல நாங்களே கட்டிக்கிறோம் சேர். சாமானக் குடுங்க, போதும்."

சாமான் என்று அக்கா காட்டியது, இடித்த பழைய களஞ்சியத்தின் செங்கற்களையும் கூரை ஓடுகளையும். அவற்றைப் பள்ளத்தில் கொட்டுவதற்கு லொறி வந்து நின்றிருந்தது. வெறுமையாகத் திரும்பிப் போனது. பெண்கள் செங்கல்லில் ஒட்டியிருந்த பழைய சாந்தைத் தட்டி எடுத்தார்கள், மேசன்மார் மண் குழைத்துக் கட்டினார்கள்.

உயரமான ஓட்டுக் கூரை, எல்லாப் பக்கமும் காற்று. என் ஸ்டோரிலிருந்து ஒரு மூட்டை சீமெந்துகூட அதற்குப் போகவில்லை.

கட்டடத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது. கம்பெனி அச்சடித்த கையேட்டின் அட்டையில் கட்டடம் இல்லை, அந்த ஓட்டுக் கொட்டில்தான் இருந்தது. ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்.

அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "சோத்துக் கொட்டில்னு போடச் சொல்லுங்க தம்பி. வாற ஆளுங்களுக்கு வெளங்க வேணாமா?"

பிறகு கட்டுகஸ்தோட்டை, மடவளை என்று மற்ற சைட் வேலையாட்களும் வழி கேட்டு அக்காவைத் தேடத் தொடங்கினார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார்.

மடவளையில் ஒரு மேசன் கவலையோடு கேட்டார். "நாங்க பிஸ்மி சொல்லிட்டுத் தின்ன ஆரம்பிச்சிருவோம் அக்கா. ஒங்கள மாதிரி நீட்ட ஏலாதே?"

"அப்ப மெதுவாச் சாப்பிடுங்க."

அவர்களும் ஒபிசுக்குள் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டார்கள். அங்கேயும் மத்தியான ஓய்வு வந்தது.

இப்போது வெயில் காலத்தில் உச்சிப் பொழுதில் பஸ்ஸில் போனால், சைட்டுக்குச் சைட் கொங்கிரீட் மிக்சர் சத்தம் இல்லை. ஆட்கள் நிழலில் கால் நீட்டிக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டடங்களும் முடியாமல் போகவில்லை, கம்பெனிகளும் மூழ்கவில்லை.

நாளை பின்னேரம் கலஹா சேமக்காலையில் அடக்கம். எஞ்சினியர் ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறார். போன் எடுத்துச் சொன்னேன்.

அவர் கேட்டார்: "சேமக்காலையில வாற சனத்துக்கு நிழல் இருக்கோ?"

இல்லை என்றேன். கண்டியில் ஆளைப் பிடித்துக் கூடாரம் அனுப்புவதாகவும், தானும் புறப்படுவதாகவும் சொன்னார்.

இளைப்பாறுங்க, பிலோ அக்கா...