மெட்ராஸ் ஐ என்றார் சித்தப்பா

கண் ஆபரேஷனைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்குத்தான் அதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது என்பதை, தங்கை வத்சலாவுக்குக் கருவிழி மாற்றிய பிறகு கல்யாணராமன் தெரிந்துகொண்டார்.

மந்திர் மார்க் பள்ளியில் படிக்கும்போதே அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பாள். கருவிழி கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கும் வியாதி என்று பின்னால்தான் தெரிந்தது. கண்ணாடி உதவவில்லை, லென்ஸ் கண்ணில் நிற்கவில்லை, கடைசியில் வலது கண்ணில் தழும்பு விழுந்தது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் பி.காம். முடித்தாள், விமான நிலையத்துச் சரக்கு அலுவலகத்தில் வேலையும் வாங்கினாள். பத்தாவதோடு நின்று, சாணக்யபுரி விருந்தினர் இல்லம் ஒன்றில் ஸ்டோர் பார்க்கும் அண்ணனுக்கு அதில் பெருமை தாங்காது. சொந்தக்காரர்களுக்கு மட்டும் அவள் எப்போதும் 'அந்தக் கண்ணு சரியில்லாத பொண்ணு'.

ஆபரேஷன் முடிந்ததும் துவாரகா ஃப்ளாட்டுக்குக் கூட்டமாக வந்து காபி குடித்தார்கள்.

"முழியையே மாத்திட்டாளாமே?"

"செத்துப்போனது ஆணா, பொண்ணா? அவா பாத்ததெல்லாம் இனிமே இவளுக்கும் தெரியுமோ?"

கண்ணின் முன்னால் கடிகாரக் கண்ணாடி மாதிரி இருக்கும் மெல்லிய படலத்தை மட்டும்தான் மாற்றினார்கள், இறந்த ஒருவர் தந்த படலத்தை வைத்து முடியைவிடச் சன்னமான நூலால் தைத்திருக்கிறார்கள் என்று வத்சலா பொறுமையாகச் சொன்னாள். வந்தவர்கள் முறுக்கைக் கடிக்கிற சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

ராஜாராமன் சித்தப்பா, அமைச்சகத்தில் பெரிய பதவி பார்த்து ஓய்வு பெற்றவர், அவள் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டினார். "இது எத்தனை?"

"மங்கலா இருக்கு சித்தப்பா."

"அப்போ ஆபரேஷன் ஃபெயில்."

பார்வை தெளிய மாதக்கணக்கில் ஆகும், தையல் ஒரு வருஷத்துக்கு மேல்கூட இருக்கும், அப்புறம் கண்ணாடியும் தேவைப்படலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் டாக்டர் வெறும் டாக்டர்தானே. சித்தப்பா ஃபைலில் கையெழுத்துப் போட்டவர்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தைத்த படலத்தை உடம்பு எப்போது வேண்டுமானாலும் வேண்டாமென்று எதிர்க்கலாம். கண் சிவந்தாலும், கூசினாலும், வலித்தாலும், தெளிந்த பார்வை மங்கினாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும். தாமதித்தால் படலம் போய்விடும். வத்சலா சொட்டு மருந்தை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. பார்வையும் மெல்லத் தெளிந்து வந்தது.

கல்யாணராமனின் மகள் ஷ்ருதியின் நிச்சயதார்த்தத்தன்று காலை, மண்டபத்தில், அந்தக் கண் சிவந்தது.

"அண்ணா, லைட் குத்தறது. பனி மூட்டம் மாதிரி இருக்கு," என்றாள்.

சித்தப்பா எட்டி நின்று பார்த்தார். அங்கேயே வியாதிக்குப் பெயர் வைத்தார். "மெட்ராஸ் ஐ! எல்லாரும் தள்ளி நில்லுங்கோ. சம்பந்தி வீட்டுக்காராளுக்கு ஒட்டிண்டா என்ன ஆறது?"

மண்டபமே நம்பியது. மெட்ராஸ் ஐ வந்து போகாத தமிழன் உண்டா? ஒருத்தி கறுப்புக் கண்ணாடியை நீட்டினாள். இன்னொருத்தி பன்னீர் விடச் சொன்னாள். தானாகப் போய்விடும், சாப்பாடு ஆகிறவரை பின்னறையில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. வெங்காயம் நறுக்கிக் கண் சிவந்திருந்த மண்டபத்துச் சமையல்காரருக்கும் அதேதானோ என்று கேட்க மட்டும்தான் யாருக்கும் தோன்றவில்லை.

"நான் மெட்ரோல போய்க்கறேன் அண்ணா. நீ இரு," என்று வத்சலா பையை எடுத்தாள்.

அவள் படியில் காலைத் தேடி வைப்பதைக் கல்யாணராமன் பார்த்தார். அங்கவஸ்திரத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்தார்.

"எங்கேடா கிளம்பறே? தட்டு மாத்தணும், நீ பொண்ணோட அப்பா!"

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே சித்தப்பா. தட்டையும் நீங்களே மாத்திடுங்கோ."

நிச்சயதார்த்தப் புடவையில் நின்ற ஷ்ருதி, "போங்கோப்பா, ஜல்தி. அத்தையை விடாதீங்கோ," என்றாள். அந்த மண்டபத்தில் அன்று பேசப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அது.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அது மெட்ராஸ் ஐ இல்லை. உடம்பு எதிர்க்க ஆரம்பித்திருந்தது. நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் வந்தீர்களே, அதனால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மணிக்கொரு தரம் மருந்து. தெளியுமா, போய்விடுமா என்று அவராலும் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

சித்தப்பா மறுநாளே ஃபோன் செய்தார். "நான் அப்பவே சொன்னேனே, ஆஸ்பத்திரிக்குப் போன்னு." கல்யாணராமன், ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல, ஃபோனைத் துணியால் துடைத்து வைத்தார்.

சில வாரங்கள் கழித்து நிச்சயதார்த்த வீடியோ வந்தது. சித்தப்பா பட்டு வேஷ்டியில் கம்பீரமாகத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். வத்சலா நல்ல கண்ணான இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு திரையைப் பார்த்தாள். கல்யாணராமன் வீடியோவை அங்கேயே நிறுத்தினார்.

"அண்ணா," என்றாள் கடைசியில். "சித்தப்பா வேஷ்டில கடை ஸ்டிக்கர கிழிக்கவே இல்லையே."